இயந்திரம் போன இடத்தில்: பழைய ஆலைகளுக்குள் நிறுவல் கலை, ஓர் அறிமுகம்

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் பேங்க்சைடு என்றொரு மின் நிலையம் இருந்தது. எண்ணெய் எரித்து மின்சாரம் தயாரித்த அந்த நிலையத்தை 1981-இல் மூடினார்கள். பிற்பாடு டர்பைன்களைக் கழற்றி வெளியே எடுத்ததும், அவை நின்றிருந்த கூடம் மட்டும் மிஞ்சியது. சுமார் 150 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். 2000-இல் அந்தக் கட்டடம் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடமாகத் திறக்கப்பட்டபோது, டர்பைன் கூடத்தை அறைகளாகத் தடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு கலைஞரை அழைப்பது, மொத்தக் கூடத்தையும் அவர் கையில் கொடுப்பது என்று ஒரு வழக்கம் உருவாயிற்று.

2003 அக்டோபரில் அந்த வாய்ப்பு ஓலாஃபர் எலியாசனுக்கு வந்தது. கூடத்தின் ஒரு கோடியில், உயரத்தில், ஓர் அரைவட்டத் திரையை மாட்டினார். அதன் பின்னால் ஏறக்குறைய 200 விளக்குகள். மேற்கூரை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. அரைவட்டம் கூரையில் பிரதிபலித்து முழுவட்டமானது. இயந்திரங்கள் கக்கிய மெல்லிய மூட்டத்துக்குள் பெரிய மஞ்சள் சூரியன் ஒன்று தொங்கியது. அந்த விளக்குகள் மஞ்சளில் மிகக் குறுகிய ஓர் அலைநீளத்தை மட்டுமே வெளியிடுபவை. அதனால் உள்ளே வந்தவர்களின் நீலச் சட்டை, சிவப்புப் பை எல்லாம் நிறமிழந்து, மஞ்சளும் கறுப்புமாக மட்டும் தெரிந்தன.

மக்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். யாரும் படுக்கச் சொல்லவில்லை. கூரைக் கண்ணாடியில் மிகச் சிறியதாகத் தெரிந்த தங்கள் உருவத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், கையை அசைத்துப் பார்த்தார்கள், அறிமுகமில்லாதவர்களோடு சேர்ந்து உடம்பால் எழுத்துகளும் வடிவங்களும் அமைத்தார்கள். அப்புறம் பேச்சு குறைந்து சும்மா கிடந்தார்கள். சுமார் ஐந்து மாதத்தில் 20 லட்சம் பேர் வந்து போனதாகக் கணக்கு. இத்தனைக்கும் எலியாசன் எதையும் மறைக்கவில்லை. திரைக்குப் பின்னால் நடந்து போனால் விளக்குகளும் கம்பிகளும் அப்படியே தெரியும். சூரியன் பொய் என்று தெரிந்த பிறகும் ஆட்கள் திரும்ப வந்து அதன் கீழே படுத்தார்கள்.

நிறுவல் கலை, அதாவது இன்ஸ்டலேஷன், என்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஓவியத்துக்கு முன்னால் நிற்கிறோம், சிற்பத்தைச் சுற்றி வருகிறோம். நிறுவல் கலையில் நாம் படைப்புக்கு உள்ளே இருக்கிறோம். அறையின் வெளிச்சம், தரையின் ஈரம், நம் செருப்புச் சத்தம், பக்கத்தில் நிற்பவரின் நிழல் என எல்லாம் படைப்பில் சேர்த்தி. இதில் பல வகை உண்டு. சில கதை சொல்லும், சில அரசியல் பேசும், சில பொத்தானை அமுக்கச் சொல்லி விளையாட்டுக் காட்டும். இந்தக் கட்டுரை பேசப்போவது ஒரு குறிப்பிட்ட வகையைப் பற்றி: நம்மை நிதானப்படுத்தி, நாம் எப்படிப் பார்க்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதையே கவனிக்க வைக்கும் வகை. தியானத்துக்குப் பக்கத்தில் வரும் ஓர் அனுபவம் என்று சொல்லலாம். ஆனால் இதற்குப் பயிற்சியும் வேண்டாம், நம்பிக்கையும் வேண்டாம். கொஞ்சம் நேரம் வேண்டும்.

இந்த வகைப் படைப்புகள் பழைய ஆலை, கிடங்கு, மின் நிலையம், நீர்த்தொட்டி போன்ற இடங்களில் அடிக்கடி கண்ணில் படுவதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் காரணம் வெறும் பணம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. இடிக்கவும் செலவு, வைத்திருக்கவும் செலவு. கலைஞர்களுக்கு இடம் தேவை, கையில் காசில்லை. 1977-இல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு பழைய மெத்தைக் கிடங்கு மேட்ரஸ் ஃபேக்டரி என்ற பெயரிலேயே கலைக்கூடமானதும் இந்தக் காலத்தில்தான்.

ஆனால் இரண்டாவது காரணம்தான் கவனிக்க வேண்டியது. இந்தக் கட்டடங்கள் மனிதர்களுக்காக அளவெடுத்துக் கட்டப்பட்டவை அல்ல. டர்பைனுக்கு, கொதிகலனுக்கு, வாயுவுக்கு, தண்ணீருக்குக் கட்டப்பட்டவை. பாரந்தூக்கி தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதால் நடுவில் தூண் இருக்காது. பல டன் எடையைத் தாங்க வேண்டும் என்பதால் தரை கெட்டியாக இருக்கும். மிலான் நகரில் ரயில் எஞ்சின்கள் தயாரித்த ஒரு பழைய தொழிற்கூடம் இன்று பிரெல்லி ஹேங்கர் பிகோக்கா. அங்கே 2004-இல் ஆன்செல்ம் கீஃபர் என்ற கலைஞர் ஏழு கான்கிரீட் கோபுரங்களை நிறுத்தினார். ஒவ்வொன்றும் சுமார் 90 டன். வழக்கமான கலைக்கூடத்தின் தரை இதைத் தாங்காது. அந்தக் கோபுரங்களுக்கு நடுவே நடக்கிறவர், தான் எவ்வளவு சிறியவர் என்பதை முதலில் கழுத்து வலியில்தான் உணர்கிறார்.

கோயில் கோபுரத்தின் கீழும் நாம் சிறியவர்கள்தான். ஆனால் அங்கே அந்த உயரம் நம்மை நினைத்துக் கட்டப்பட்டது, நாம் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றே கட்டப்பட்டது. ஆலையின் உயரத்துக்கு நம்மைப் பற்றிய எண்ணமே கிடையாது. அங்கே வேலை செய்தவர்களுக்காவது செய்ய ஒரு காரியம் இருந்தது. இன்று உள்ளே போகிற நமக்கு அதுவும் இல்லை. செய்ய ஒன்றுமில்லாத ஒரு மனிதர், தனக்காகக் கட்டப்படாத ஓர் இடத்தில் நிற்கிறார். இந்த வகைக் கலை முளைப்பது இந்த நிலையிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே இங்கே பாதிப் படைப்பு கட்டடம்தான். மீதிப் பாதியைக் கலைஞர் செய்கிறார். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே படைப்பை வெள்ளைச் சுவர் கொண்ட சாதாரணக் கலைக்கூடத்துக்கு மாற்றினால் என்ன இழப்போம் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் இழக்க மாட்டோம் என்றால், பழைய ஆலை வெறும் விசாலமான கொட்டகையாகப் பயன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நிறைய நிகழ்வுகள் இந்த ரகம்தான். துருவும் செங்கலும் பின்னணியில் இருந்தால் எதுவும் ஆழமாகத் தெரியும் என்ற நினைப்பில் நடத்தப்படுபவை.

இந்தச் சோதனையில் சிறப்பாகத் தேறுவது ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் வாயுத்தொட்டியில் 2013-இல் வைக்கப்பட்ட படைப்பு. அந்தத் தொட்டி 1929-இல் கட்டி முடிக்கப்பட்டது, 117.5 மீட்டர் உயரம். இரும்பாலைகளிலிருந்து வரும் வாயுவைச் சேமித்து வைப்பது அதன் வேலை. உள்ளே வட்டமான ஒரு பெரும் உலோகத் தட்டு இருந்தது. வாயு நிரம்ப நிரம்ப அது மேலே போகும், குறையக் குறையக் கீழே இறங்கும். அதன் எடைதான் வாயுவின் அழுத்தத்தைச் சீராக வைத்தது. 1988-இல் தொட்டியின் பயன் முடிந்தது. அதற்குள் கிறிஸ்டோ என்ற கலைஞர் வைத்தது என்ன தெரியுமா? காற்று. சுமார் 90 மீட்டர் உயரமுள்ள ஒரு வெள்ளைத் துணிப் பொதி, உப்பி நிற்கும்படி விசிறிகள் விடாமல் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தன. கூரைச் சாளரங்களின் வெளிச்சமும் கூடுதல் விளக்குகளின் வெளிச்சமும் துணியில் வடிகட்டி எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவியதால், துணிக்குள் நுழைந்தவர்களின் நிழல் மங்கிவிட்டது. சுவர் எவ்வளவு தூரம், கூரை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடுவது கடினம். வாயுவைத் தேக்கக் கட்டிய பாத்திரம், பல வருடம் கழித்து மறுபடியும் காற்றைத் தேக்கியது. கலைஞர் கட்டடத்தின் பழைய தொழிலை அதற்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரமாதமான யோசனை.

வெளிச்சம், ஒலி, இருட்டு

இந்தக் கலைஞர்கள் கையாளும் பொருள்களில் பாதி கையால் தொட முடியாதவை. ஆலைகள் அவற்றை ஏற்கெனவே தயாராக வைத்திருக்கின்றன.

வெளிச்சத்தை எடுத்துக்கொள்வோம். பழைய ஆலைகள் பலவற்றின் கூரை ரம்பப் பல் போல ஏறி இறங்கி இருக்கும். ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் கண்ணாடி. வட அரைக்கோளத்தின் மேல்பகுதியில் இருக்கும் நாடுகளில் அந்தக் கண்ணாடியை வடக்குப் பார்த்து வைப்பார்கள். சூரியன் தெற்கு வானில் சாய்ந்தே போவதால் நேர்வெயில் உள்ளே விழாது, கூச்சமில்லாத, கூர்நிழல் இல்லாத வெளிச்சம் நாள் முழுக்கக் கிடைக்கும். நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றங்கரையில், நபிஸ்கோ என்ற பிஸ்கட் நிறுவனத்துக்கு அட்டைப்பெட்டி அச்சடித்த 1929-ஆம் வருடத்து ஆலை இப்படிப்பட்டது. அச்சில் நிறம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க இந்த வெளிச்சம் தோதானது. 2003-இல் அது டியா பீக்கன் என்ற கலைக்கூடமானது. பெரும்பாலும் மின்விளக்கு இல்லாமல் அதே கூரை வெளிச்சத்திலேயே படைப்புகளைக் காட்டுகிறார்கள். மேகம் மறைத்தால் சிற்பத்தின் நிறம் மாறும், மாலையானால் இன்னொரு விதம். அங்கே ரிச்சர்ட் செர்ராவின் வளைந்த எஃகுச் சுவர்கள் நிற்கின்றன. உள்ளே நடக்க நடக்க சுவர் நம் மீது சாய்வது போலவும் பிறகு விலகுவது போலவும் இருக்கும். சுவர் அசையவே இல்லை, நாம்தான் நடக்கிறோம்.

ஒலிக்கு வருவோம். துணி, மரம், மனித உடல் இவையெல்லாம் ஒலியை விழுங்கும். கான்கிரீட்டும் இரும்பும் மிகக் கொஞ்சமே விழுங்கி, மீதியைத் திருப்பி அனுப்பும். மேசை நாற்காலி, திரைச்சீலை எல்லாம் இருக்கும் வீட்டு அறையில் ஒரு கைத்தட்டல் ஒரு விநாடிக்குள் அடங்கிவிடும். மூடிய பெரிய தொட்டியில் அது சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே இருக்கும். ஹூஸ்டன் நகரில் 1926-இல் குடிநீருக்காகக் கட்டிய நிலத்தடித் தொட்டி ஒன்று இருக்கிறது. 221 ஒல்லியான தூண்கள், ஒவ்வொன்றும் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல். அங்கே எழுப்பும் ஒலி அடங்க சுமார் 17 விநாடி ஆகும். பராமரிக்க முடியாத நிலைக்கு வந்து கைவிடப்பட்ட தொட்டியை 2016-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். தரையில் கொஞ்சம் தண்ணீரை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் தூண்கள் தலைகீழாகத் தெரிவதால் தொட்டியின் ஆழம் இரட்டிப்பாகத் தோன்றும்.

அங்கே வைத்த முதல் கலைப்படைப்பு வெனிசுவேலாவைச் சேர்ந்த மக்தலேனா ஃபெர்னாண்டஸ் செய்தது. மழை. ஒளிப்புள்ளிகளும் கோடுகளும் தூண்களின் மேல் சிதறின, கூடவே மழைச்சத்தம். முதலில் தூறல், பிறகு சடசடவென்று பிடித்துக்கொள்ளும், நடுவில் இடி. அந்தச் சத்தம் வானத்திலிருந்து பதிவு செய்தது இல்லை. ஒரு பாடகர் குழு விரல்களைச் சொடுக்கி, தொடையைத் தட்டி, தரையில் குதித்து எழுப்பியது. தண்ணீர் நின்றுபோன தொட்டியில் கைகளால் பெய்த மழை. 17 விநாடி எதிர்முழக்கம் இல்லாத இடத்தில் இதுவே வேறொரு படைப்பாகியிருக்கும்.

ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், ஸ்காட்லாந்தில் இஞ்சின்டவுன் என்ற இடத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து எண்ணெய்த் தொட்டிகள் மலைக்குள் குடையப்பட்டிருக்கின்றன. ஒலியியல் பேராசிரியர் டிரெவர் காக்ஸ் உள்ளே வெற்றுத் தோட்டா சுட்டு அளந்தபோது, ஒரு தாழ்ந்த சுருதியில் முழக்கம் அடங்க 112 விநாடி ஆனது. உலக சாதனை. அந்தத் தொட்டிக்குள் நுழைய ஒரு குறுகலான குழாய்தான் வழி என்பதால் கண்காட்சி நடத்தும் யோசனையை யாரும் அவசரப்பட்டு எடுக்க மாட்டார்கள்.

இருட்டு இன்னும் கடினமான பொருள். முன்னே சொன்ன மெத்தைக் கிடங்கில் ஜேம்ஸ் டரல் 1983-இல் செய்த ‘பிளெயடிஸ்’ இன்றும் இருக்கிறது. இருண்ட சாய்தளத்தில் கைப்பிடியைத் தடவிக்கொண்டே ஏறி, ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். எதிரே ஒன்றுமில்லை. அப்பட்டமான கறுப்பு. முதல் சில நிமிடங்களில் பலரும் எழுந்து போய்விடுகிறார்கள், படைப்பு பழுதாகிவிட்டது என்ற நினைப்பில். உட்கார்ந்திருந்தால் கால் மணி நேரம் அளவில் எதிரே ஏதோ ஒரு மங்கலான ஒளி இருப்பதாகத் தோன்ற ஆரம்பிக்கும். உண்மையில் இருக்கிறதா, கண் தானாகக் கற்பனை செய்கிறதா என்பது நிச்சயமாகாது. நேராகப் பார்த்தால் மறையும், ஓரமாகப் பார்த்தால் தெரியும்.

இதில் மாயம் எதுவும் இல்லை, உடம்பின் வேலை. நம் விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. நிறம் காணும் கூம்புச் செல்கள் விழியின் நடுவில் நெருக்கமாக இருப்பவை, இருட்டுக்குப் பழக சுமார் பத்து நிமிடம் எடுத்துக்கொள்பவை, அதற்கு மேல் அவற்றால் பெரிதாக முடியாது. மங்கலான ஒளியைக் காணும் கோல் செல்கள் ஓரங்களில் இருப்பவை, முழுத்திறனுக்கு வர அரை மணி நேரம்கூட ஆகும். டரல் இந்தத் தாமதத்தையே படைப்பாக்கிவிட்டார். விளக்கு எப்போதும் ஒரே அளவில்தான் இருக்கிறது. மாறுவது நம் கண். எனக்கு இந்த வகைக் கலையின் அடிப்படையே இந்த ஒரு படைப்பில் அடங்கிவிடுவதாகப் படுகிறது: அங்கே நடப்பது நமக்குள் நடக்கிறது.

அமைதி என்றால் இதமா?

தியானம், அமைதி என்ற சொற்களைக் கேட்டதும் மென்மையான இசையும் ஊதுபத்தி வாசனையும் நினைவுக்கு வந்தால், 2016-இல் கொச்சி-முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சியில் இருந்த ஒரு படைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் பினாலே நடந்த முக்கிய இடம் ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸ். மிளகு, இஞ்சி, தேங்காய் எண்ணெய், பிறகு கயிறு, தேயிலை என ஏற்றுமதி செய்த ஒரு பழைய நிறுவனத்தின் கடலோர வளாகம். அதில் நீளமான ஒரு கிடங்கின் தரை முழுக்க முழங்கால் அளவுக்குக் கடல்நீரை நிரப்பியிருந்தார் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா. ‘வலியின் கடல்’ என்பது படைப்பு. பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றி, உடையை மடித்துக்கொண்டு, தண்ணீரைத் தள்ளித் தள்ளி மறுகோடி வரைக்கும் நடந்தார்கள். சுவர்களில் ஆங்காங்கே கேள்விகள். கடைசிச் சுவரில், தஞ்சம் தேடிப் படகில் போகும்போது கடலில் மூழ்கி இறந்த ஒரு சிரியச் சிறுவனை நினைத்து எழுதிய கவிதை. அவனுடைய தம்பியின் உடல் கரையில் கிடந்த படம் உலகம் முழுக்கப் பரவியது. இவனுக்கு அப்படி ஒரு படம்கூட இல்லை.

தண்ணீரில் வேகமாக நடக்க முடியாது. இதைத்தான் சூரிட்டா பயன்படுத்தினார். எவ்வளவு அவசரக்காரரானாலும் அந்தக் கவிதையை மெதுவாகத்தான் போய்ச் சேர வேண்டும், அங்கிருந்து மெதுவாகத்தான் திரும்பவும் வேண்டும். கப்பலேற்றச் சரக்கு அடுக்கிய கிடங்குக்குள் கடல் வந்து நின்றது. அவரே 1973-இல் சிலியின் ராணுவப் புரட்சியின்போது பிடிபட்டு ஒரு கப்பலின் அடித்தளத்தில் அடைத்து வைக்கப்பட்டவர் என்பது தெரிந்தால், கிடங்கும் தண்ணீரும் இன்னொரு கனம் பெறும். மனம் ஒன்றிப் பார்ப்பது என்றால் மனம் லேசாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இங்கே ஒரு முக்கியமான குறையையும் பேச வேண்டும். பழைய ஆலையின் அமைதி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு: வேலை போனவர்கள். டர்பைன் இரைச்சலில் காது மந்தமானவர்கள், தூசியில் நெஞ்சு கெட்டவர்கள் உழைத்த இடத்தில் நாம் ‘ஆஹா, என்ன நிசப்தம்’ என்கிறோம். துருவின் நிறத்தை ரசிக்கும் படைப்புகள் இதைச் சுலபமாக மறந்துவிடும். மறக்காதவர்களும் உண்டு. 2014-இல் கேரா வாக்கர் நியூயார்க்கின் புரூக்ளினில் இடிக்கப்படவிருந்த டாமினோ சர்க்கரை ஆலைக்குள், சர்க்கரை பூசிய பெண் ஸ்பிங்க்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட உருவம்) ஒன்றைச் செய்தார். உயரம் மட்டும் பத்து மீட்டருக்கு மேல். சுவர்களில் பல வருடச் சர்க்கரைப்பாகு ஒட்டி, அதன் வாடை போகாமல் இருந்த இடம். கூலி இல்லாமலும் அளவுக்கு மீறியும் கரும்புத் தோட்டத்திலிருந்து சமையலறை வரை உழைத்தவர்களுக்கு அஞ்சலி என்று தலைப்பிலேயே எழுதியிருந்தார். சுற்றிலும் நின்ற பாகுச் சிறுவர் சிலைகள் கோடை வெப்பத்தில் உருகி வழிந்தன, சில உடைந்தே போயின. அதைக் கலைஞர் எதிர்பார்த்தே செய்தார். அதற்கு முன்னால் நின்று கேலியாகப் படம் எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள், அது தனிச் சர்ச்சையானது.

சரி, இப்படி ஓர் இடத்துக்குப் போக வாய்த்தால் எப்படிப் பார்ப்பது? விளக்கப் பலகையை முதலில் படிக்காமல் இருப்பது நல்லது. படித்துவிட்டால் கண் அதில் சொன்னதை மட்டுமே தேடும். ஒரு சுற்று வந்துவிட்டுப் படியுங்கள். படைப்பைப் பார்க்கும் நேரத்தில் கொஞ்சத்தைக் கட்டடத்துக்கும் கொடுங்கள்: பாரந்தூக்கி ஓடிய தண்டவாளம், இயந்திரத்தைத் தரையில் பிணைத்திருந்த போல்ட்டுகளின் வெட்டுப்பட்ட மிச்சம், சுவரில் பாதி அழிந்த எச்சரிக்கை வாசகம். கலைஞர் எதைச் சுத்தம் செய்தார், எதை அப்படியே விட்டார் என்பது தற்செயல் இல்லை. போனை எடுத்தால் இருட்டுக்குப் பழகிய கண் உடனே பாழாகிவிடும், பக்கத்தில் இருப்பவரின் கண்ணும் சேர்ந்து. போர் அடித்தால் அடிக்கட்டும், அதுவும் சகஜம். பல படைப்புகள் அந்தச் சலிப்பைத் தாண்டித்தான் வேலை செய்ய ஆரம்பிக்கும். தாண்டிய பிறகும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அது படைப்பின் தோல்வியாகவும் இருக்கலாம். உங்கள் மேல் பழியைப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாம் திட்டமிட்டபடி நடக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். 2010-இல் டர்பைன் கூடத்தில் ஆய் வெய்வெய் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார், மக்கள் அதன் மேல் நடக்கலாம் என்றார்கள். சில நாளிலேயே பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாது என்று தெரிந்து தடுப்பு போட்டுவிட்டார்கள். பழைய தொழிற்கூடங்களில் ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட் போன்றவையும் இருந்திருக்கும் என்பதால், திறப்பதற்கு முன்னால் நடக்கும் சுத்திகரிப்பே பெரிய வேலை. அடைத்து வைத்த பகுதிக்குள் ஆர்வக்கோளாறில் நுழைய வேண்டாம். மூடிய இடமோ இருட்டோ ஒத்துக்கொள்ளாதவர்கள் உள்ளே போகும் முன்பே வாசலில் இருக்கும் ஊழியரிடம் சொல்லிவிட்டு, வெளியேறும் வழி எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்.